இரண்டாவது எல்

வண்டியின் நெற்றியில் ஏழு எழுத்து இருக்கவேண்டும்,
ஹில்மன் என்று, ஆங்கிலத்தில்.
ஆறுதான் வந்தது.
"ஒரு எல் விழுந்திட்டுது" என்றார் பூலோகராசா,
தன் பல் விழுந்ததுபோல
வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

கிராண்ட்பாஸ் ஒழுங்கையில் என் பட்டறை
ஒன்றரைக் கார் கொள்ளாது.
பின்பாதி வெளியே நிற்கும்.
வளைந்து போகும் த்ரீவீல்காரர்களுக்கு
சுகிர்தா என்ற பெயர் தெரியாது,
ஏச மட்டும் தெரியும்.

முதலில் பக்கப் பட்டிகள்.
பதினொரு கிளிப்பில் ஒன்பது கையோடு உடைந்தது.
பட்டியைக் கவிழ்த்து வேப்பங்கட்டையில் கிடத்தி
பள்ளத்தைப் பின்னாலிருந்து தட்டினேன்.
முன்னால் தட்டினால் தகடு கோபித்து நீளும்.
ஒரு தட்டு. நகத்தால் ஒரு தடவல்.
இன்னும் அரைத் தட்டு.
பிறகு எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம்,
தண்ணீர் நனைத்த உப்புத்தாள்,
பிறகு சுழலும் துணிச்சில்லில் பச்சைக்கட்டி.
மூக்கைச் சிந்தினால் கரி.
பட்டியில் ஒழுங்கையே வந்து படுத்தது:
கறண்ட் கம்பி, காகம்,
எதிர்வீட்டுக் கொடியில் யாரோ ஒருவரின் சாரம்.

எல்லைத் தேடிப் பஞ்சிகாவத்தை போனேன்.
விமலதாச பிஸ்கற் டின்னைக் கவிழ்த்தார்.
மொரிஸின் ஆர் இருந்தது, ஒஸ்டினின் டி இருந்தது.
"இந்த ஈ-யைக் கொண்டுபோ,
மேல் கை இரண்டையும் வெட்டினால் எல்தானே."
வெட்டினேன்.
மாக்கட்டிபோல் நொறுங்கியது,
உள்ளே சாம்பல்.

முகத்துவாரத்தில் ஒரு படகை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
விளிம்புத் தகடு, நாலு மில்லிமீற்றர்,
கடலோடு பழகிய உருக்கு.
அதில் அறுத்தேன் என் எல்லை.
மூலைக்கு மட்டும் ஒரு முழுப் பகல்,
கறண்ட் போன இரண்டு மணித்தியாலம் கணக்கில்லை.

மற்ற ஆறும் குரோம் தொட்டியில் முங்கி வந்தன.
குரோமுக்குள் ஒரு நீலம் உண்டு,
சவர்க்கார நுரையில் இருப்பதைப்போல.
உருக்குக்கு அது வராது,
வடித்த கஞ்சியின் நிறம்.
ஐந்து மணி வெயிலில் மட்டும் தெரியும்.
அவர் மூன்று மணிக்கு வந்தார்.
கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மூன்று வருடம்.
வெள்ளவத்தையில் அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே
ரெயில் தண்டவாளம் மட்டும்தான்.
வண்டி திரும்பி வந்தபோது
ஆறு எழுத்துக்கும் அம்மை போட்டிருந்தது.
இரண்டாவது எல் மட்டும்
நேற்றுத்தான் குளித்ததுபோல் நின்றது.

நான் வாயைத் திறக்க முன்னரே
அவர் சொன்னார்:
"தங்கச்சி, இது ஒன்றுதான்
டூப்ளிகேட் மாதிரித் தெரியுது.
நீர்கொழும்பிலிருந்து வாங்க வாறார் ஒருத்தர்,
எல்லாம் ஒறிஜினலோ என்று கேட்கிறார்.
இதையும் கொஞ்சம் பழுதாக்கித் தாங்கோ."

கழிவறை கழுவும் அசிட், தீக்குச்சி முனையில்.
ஒரு மணித்தியாலம். எல் அசையவில்லை.
இரவு முழுக்க வைத்தேன்,
காலையில் லேசாக மங்கி
என்னை முறைத்தது.
கடைசியில் ஊசிமுனை உளி.
முதலாவது எல்லைப் பக்கத்தில் வைத்து
ஒவ்வொரு தழும்பாய்ப் பார்த்தெழுதினேன்,
பள்ளிக்கூடத்தில் கொப்பியடித்ததுபோல,
ஒரே மாதிரி இருந்துவிடாமல்
இரண்டைத் தள்ளிப் போட்டேன்.
ஒளி ஏற்ற ஒரு பகல் போன இடத்தில்
ஒளி இறக்க இரண்டரை நாள்.

"கெடுக்கிறதுக்கும் காசோ?"
"ஓம். இதுக்கு டபிள்."
ஐந்நூறு குறைத்துத் தந்தார். எண்ணி வாங்கினேன்.

வண்டி பின்பக்கமாய் ஒழுங்கையை விட்டு இறங்கியது,
யாரோ ஹோன் அடித்தார்கள்.
மணி ஐந்து.
ஏழு எழுத்தும் ஒரே நோயாய்ப் போயின.
எல்லின் முதுகை நான் தொடவில்லை.
அது இப்போதும்
பொனற்றின் சிவப்புப் பூச்சைப் பார்த்தபடி
இருட்டுக்குள் மினுங்கிக்கொண்டிருக்கும்.