உயிரை விடுதல்

தவக்கால வெள்ளி. பௌர்ணமியும் கூட.
அணை மீன்கடையில் ஷூ மேடத்துக்கு நான் துணை.
பெயரே ஷூ, பர்கூர் கம்பெனியில் செய்வதும் ஷூ;
தைவானிலிருந்து வந்த முதல் வாரமே
இதைச் சொல்லிச் சிரித்து முடித்தாயிற்று.

தொட்டியில் ஜிலேபிக் கெண்டைகள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சு வாங்கின.
மாதேஷ் கத்தியை எடுத்ததும் பதறி
கைப்பேசியிடம் ஏதோ சொன்னாள்.
அது தமிழில் காட்டியது:
"நான் இன்று பதினெட்டு உயிரை விட வேண்டும்."
மாதேஷ் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

விடுவதென்றால் ஆற்றில் விடுவது.
இதில் எது போன பிறவியில் தன் தாயோ,
யார் கண்டது என்பாள்.

மதகுக்குக் கீழே பாறை வழுக்கியது.
என் தோளைப் பிடித்தபடி பையை அவிழ்த்தாள்.
ஒன்று மட்டும் போகாமல் அவள் காலருகே நின்றது.
"போ" என்றாள்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலே சொல்,
கட்டிங் செக்‌ஷனில் படித்தது:
வா, போ, நிறுத்து, வெட்டு.
"நாளைக்கு என் வலைக்குத்தான் வரும்,
வந்தா திரும்ப வாங்கிக்கச் சொல்லுங்க" என்றான் மாதேஷ்.
அதை நான் கைப்பேசிக்குச் சொல்லவில்லை.

என் பையில் அதே தொட்டி மீன், ஒரு கிலோ, அறுத்தது.
வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி ஆகாது, மீன் ஆகும்.
ஏன் என்றாள்.
எலத்தகிரி ஃபாதரிடம் நானே கேட்டதில்லை.

உங்கள் சாமி மீனை என்ன செய்தார்?
இரண்டே மீன், ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டார்,
பன்னிரண்டு கூடை மிச்சம்.
மிச்சத்தில் ஒன்றாவது நீந்தியதா?
இல்லை மேடம்.
அவரையே ஆட்டுக்குட்டி என்றுதான் கூப்பிடுவோம்.
ஆடு தின்பீர்களா?
ஈஸ்டருக்குக் கட்டாயம்.

வேன் காவேரிப்பட்டணம் தாண்டுகையில்
விளக்கிவிடலாம் என்று கைப்பேசியில் சொன்னேன்:
"எங்களுக்காக அவர் உயிரை விட்டார்."
அவள் படித்தாள். முகம் மலர்ந்தது.
பதில் தமிழில் வந்தது:
"நல்லது. எந்த ஆற்றில்?"

குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை மேசையில் கன்றுத் தோல்.
அவள் பிறந்தது மாட்டு வருஷம்;
உழுததைத் தின்னக் கூடாதென்று மாட்டிறைச்சி தொடமாட்டாள்.
தொடைப்பக்கம் முள்கம்பி கிழித்து ஆறிய தழும்பு.
வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டு ஒதுக்கினேன்.
உறையைக் கழற்றி, பெருவிரலால்
அதை ஒருமுறை தடவினாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

பிறகு நாலு சொல்லில்
கடைசியைச் சொன்னாள்.