காண்க

கூழ் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்திருந்தார் திம்மராயன்.
விரலிடுக்கில் இன்னும் மஞ்சள்.
'கிளிமூக்கு' என்று தட்டினார்.
பூஜ்யம் என்றது கணினி.

கிருஷ்ணகிரியில்
கிளிமூக்குக்குப் பூஜ்யம்!
வெளியே அதை ஏற்றிய லாரிகள்
சுங்கச்சாவடி வரை நிற்கின்றன.

ஆய்வு நூல்களில் அது தோத்தாபுரி.
மண்டியில் பெங்களூரா.
பழைய அறிக்கைகளில் கலெக்டர் காய்.
நான்கு பெயருக்கு நான்கு அலமாரி,
பேச்சுவார்த்தை நின்றுபோன
பங்காளி வீடுகள் மாதிரி.

அட்டைப்பெட்டிக் காலத்தில்
'காண்க' என்றொரு சொல் இருந்தது.
கிளிமூக்கு, காண்க: தோத்தாபுரி.
கணினிக்கு மாற்றியவர்கள்
அட்டைகளைத் தட்டச்சு செய்தார்கள்,
'காண்க'வை விட்டுவிட்டார்கள்.

போன மாதம் முனிரத்தினம் சண்டைக்கு வந்தார்.
தத்துப்பூச்சி பற்றி ஒரே ஒரு புத்தகம் எழுதியவர்.
தேடினால் அவர் பெயரில்
கூந்தலைப் பாடும் மூன்று கவிதைத் தொகுதிகள்.
"வீட்ல பார்த்துட்டாங்க மேடம்."
அந்த முனிரத்தினம் வேப்பனப்பள்ளி,
செத்து இருபது வருஷம்.
ஆளுக்கோர் எண் கொடுத்துப் பிரித்துவைத்தேன்.

பிரிப்பது சுலபம்.
சேர்க்கத்தான் ராத்திரிகள் தேவைப்படுகின்றன.
பெயருக்கு இல்லை, பொருளுக்கே ஓர் எண்;
அதில் நான்கு பெயரையும் கட்டினேன்,
கன்னட எழுத்திலிருந்த ஐந்தாவதையும்
தெலுங்கிலிருந்த ஆறாவதையும்.
காயிலிருந்து பூச்சிக்கு ஒரு கோடு,
பூச்சியிலிருந்து முனிரத்தினத்துக்கு
(பூச்சிக்காரருக்கு; கூந்தல்காரருக்கு அல்ல),
காயிலிருந்து கொட்டைக்கு இன்னொன்று,
கொட்டையிலிருந்து எல்லை தாண்டி
குப்பத்து நூலகம் ஒன்றில்
எவரோ தெலுங்கில் எழுதிய நூலுக்கு.

வியாழக்கிழமை திம்மராயன் மறுபடி வந்தார்.
அவர் தேடியது காயையே இல்லையாம்.
ஆலைக்குப் பின்னால் கொட்டை குவிகிறது,
மாட்டுக்குப் போடலாமா?
'கிளிமூக்கு' என்றேதான் தட்டினார்.
வேறு சொல் போடச் சொல்லவில்லை யாரும்.
முப்பத்தேழு.
ஏழாவது, அந்தக் குப்பத்து நூல்.
"தெலுங்கு படிப்பேன்" என்றார் தமிழில்.
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.
அது எங்கள் பட்டியலில் இல்லை.

இன்னும் கட்டாத பெயர்கள் நாலாயிரத்துச் சொச்சம்.
மேஜைமேல் ஒரு மெல்லிய நூல்.
ஆசிரியர்: 'ஓர் ஆசிரியை, பர்கூர்.'
ஆண்டு இல்லை, அச்சகம் இல்லை.
எண் கொடுத்திருக்கிறேன்.
அதிலிருந்து கோடு எதுவும் போகவில்லை,
அதற்கு எதுவும் வரவுமில்லை.
காண்க என்று எழுதி
பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.