முப்பத்தைந்து

ஆவியாவது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கேயும் போகாது.
ஆயிரத்துக்கு முப்பத்தைந்து, விட்டுப் பார்த்தால்
நாலு நாளில் முப்பத்தெட்டு.
இதை விளங்கிக்கொள்ள எனக்கு
இரண்டு மீன்கள் செலவாகின.

புதுக்குடியிருப்பில், சந்தைக்குப் பின்வீதியில்
தகரம் போட்ட முன்னறை.
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
வெளியே முப்பத்தாறு பாகை வெயில்,
உள்ளே இருபத்தாறு இருக்கவேணும்.
மேசை விசிறி நாள் முழுக்க
தண்ணீரின் முகத்துக்கே ஊதுகிறது.
நான் கொப்பி மட்டையால் விசுக்கிக்கொள்கிறேன்.

காலையில் ஆர்.ஓ. நிலையத்தில் ஐந்து லீற்றர் கான்.
"வீட்டில ஆருக்கும் கிட்னி வருத்தமோ?"
இல்லை என்கிறேன்.
"அப்ப குடிக்கவோ?"
ஒருவகையில்.
வரிசையில் கடைசியாக நிற்கப் பழகிவிட்டேன்.

பின்னேரம் சின்னக் குழாயில் துளி துளியாக,
நீலம் மஞ்சளாகும் வரை எண்ணுகிறேன்.
எட்டு.
எட்டென்றால் அன்று சோறு இறங்கும்.

மே மாதம் ஒன்பது மணித்தியாலம் கரண்ட் இல்லை.
பற்றரி காற்றுப்பம்பு இரண்டாம் சாமத்தில் ஓய்ந்தது.
யோகட் கோப்பையால் அள்ளி அள்ளி
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மூன்று மணிக்குக் கண் அசந்துவிட்டது.
விடிய, பச்சை முருகை
தன் தோலைக் கழற்றிப் போட்டிருந்தது.
எலும்பை ஷோகேசில் வை என்றாள் தங்கச்சி.
அளவு எழுதும் கொப்பியின் மேல்
பாரமாக வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு மரியநேசன் வந்தான்,
மோட்டார் சைக்கிளில் கட்டிய வாளியோடு.
"வலையில வந்தது அக்கா. உயிரோட. மூவாயிரம்."
மண்ணிறக் கொம்புகள், நுனியெல்லாம் ஊதா.
அடியில் உடைந்த இடம் புது வெள்ளை,
சதுரமாய் ஓர் உளித்தடம்.
எந்த வலைக்கு உளி இருக்கிறது?

எனக்கு அது வேண்டியிருந்தது.
மூவாயிரமும் கையில் இருந்தது.
"நீங்கள் எடுக்காட்டி இது சாகுமே."
எடுத்தால் அடுத்த ஞாயிறு
இரண்டு வாளி வரும்.
"உடைச்ச இடத்திலேயே கொண்டுபோய் விடு."
சிரித்தான்.
"சுண்ணாம்புக்கு வண்டி வண்டியா எரிச்சவை,
அதுக்கு ஆர் அழுதது?"
என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை.

கடலுக்குத்தான் போனானா,
வழியில் வாய்க்காலில் கவிழ்த்தானா தெரியாது.
வாளி தளும்பிய ஈரக்கோடு
படலை வரைக்கும் கிடந்தது.
மத்தியானத்துக்குள் தண்ணீர் போய்விட்டது.
வெள்ளைக் கோடொன்று
இரண்டு நாள் கிடந்தது.

நஸ்லிம் தன் தொட்டியில் வளர்ந்ததை நறுக்கி
வவுனியா பஸ்ஸில் ரெஜிபோம் பெட்டியில் அனுப்பிய துண்டு,
விரல்நுனி அளவு.
எட்டு மாதத்தில் சீமெந்துக் குற்றியின் மேல்
ஒரு நெல்மணி அகலம் பரவியிருக்கிறது.
விளக்கணைத்த பிறகுதான் வாய் திறக்கும்.
இருட்டில் டோர்ச்சோடு குந்தியிருப்பேன்,
வெளிச்சம் படாமல்.

இன்று துளி ஒன்பது.
திரும்ப எண்ணவேணும்.