தாளுக்கு நான்கு

சாகேத் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் கடை.
பக்கம் பத்து ரூபாய் என்றான் பங்கஜ்.
மனு முப்பத்தாறு பக்கம்.
மௌஸ் செத்துப்போன கணினி. கொஞ்சம் நகரப்பா என்று
கறுப்புத் திரையில் நானே ஒரு வரி அடித்தேன்:
தாளுக்கு நான்கு, சுற்றிலும் கோடு.
என்டர்.

ஒன்பதே தாள். முதலாவது சூடாக வந்தது.

இடது மேலே கல்யாணத் தேதி.
பக்கத்தில் லஜ்பத் நகர் வாடகைச் சீட்டு,
இரண்டு பேர் கையெழுத்தும்.
கீழே, அவர் பெட்டியோடு இறங்கிப்போன மார்ச் மாதம்.
கடைசிக் கட்டத்தில் ‘இனி சேர்ந்து வாழ இயலாது.’

ஏழு வருஷம்.
நடுவில் மயிரிழைக் கோடு.

எறும்பு எறும்பாய் இருக்கிறதே,
ஜட்ஜ் எப்படிப் படிப்பார் என்றான்.
ஜட்ஜுக்குப் பெரிசாகக் கொடுத்தாயிற்று.
இது எனக்கு.
தொண்ணூறு ரூபாய்க்குச் சில்லறை தேடினேன்.