படங்கு விரித்த வகுப்பு

ஹற்றனில் இரண்டு நாள் செயலமர்வு.
பகலுக்குச் சோற்றுப் பார்சல், கையில் சான்றிதழ்,
பன்னிரண்டு ஆசனங்கள் அச்சிட்ட ஒரு தாள்.
தாளில் இருந்த பிள்ளைகளுக்கு
ஆளுக்கொரு நீலப் பாய் இருந்தது.

தரம் ஏழு கொண்டு வந்தவை:
யூரியா உரப்பை, கிழிந்த விரிப்பு,
தேர்தல் முடிந்து கழற்றிய பதாகை.
வேட்பாளரின் பல்வரிசை மேல்
ஜெனிற்றா சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.
பிறகு ஒரு படங்கு,
யாரோ அம்மா இடுப்பில் கட்டிக் கட்டி
தேயிலை வாதுகள் கீறிய கோடுகளோடு.

படங்கு துவாரகனுடையது.
மோந்து பார்த்து மூக்கைப் பொத்திக் காட்டியவன்
மிதுர்ஷன்.

மிதுர்ஷன்,
துவாரகனின் சப்பாத்தை ஓடைக்குள் எறிந்தவன்.
அவன் திக்குவதைத் திக்கிக் காட்டி
வகுப்பையே சிரிக்க வைத்தவன்.
நான் அடித்திருக்கிறேன்.
கொய்யாக் கம்பால், உள்ளங்கையில், நாலு.
ஐந்தாவதற்கும் கையை நீட்டியபடியே நின்றான்.
நடுங்கியது என் கைதான்.

முதல் புதன்கிழமை.
மலையிறங்கிய பனி ஜன்னல் வழியே வந்து
பின் வாங்கில் உட்கார்ந்திருந்தது.
மரம் போல் ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்றேன்.
"என்னா மரம் மிஸ்? சவுக்கா, வாகையா?"
முப்பத்தொரு மரங்களும்
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்தன.
யாரோ குசு விட்டதில் ஐந்து நிமிடம் வீண்.
வீணா, தெரியவில்லை.
துவாரகனும் சிரித்தான்.

கடைசியாகச் சவாசனம்.
மல்லாந்து படுங்கள். கண்களை மூடுங்கள்.

மிதுர்ஷன் மூடவில்லை.
குனிந்து மெதுவாகக் கேட்டேன், ஏன்டா?
"கண்ண மூடுனா
எப்ப அடி விழும்னு தெரியாது மிஸ்."
மஸ்கெலியா பஸ் எத்தனை மணிக்கு
என்று சொல்கிற குரலில் சொன்னான்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமை.

சரி, திறந்தே வைத்துக்கொள் என்று
நிமிர்ந்தபோதுதான் கண்டேன்.
துவாரகனும் மூடவில்லை.
அவனிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை.
அவன் காரணம்
மூன்று விரிப்பு தள்ளிப் படுத்திருந்தது.

கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை,
இரண்டு ரூபாய்க் குற்றியளவு வெளிச்சம்.
இருவரும் அதையே பார்த்துக் கிடந்தார்கள்.
இரண்டு வயிறுகள், இரண்டு வேகம்.
மெல்ல மெல்ல ஒரே மூச்சாயின
என்று எழுத ஆசைதான்.
ஆகவில்லை. மணி அடித்துவிட்டது.

மாலையில் அவன் லயத்தைக் கடந்தேன்.
ஏழாம் காம்பறாவில் ஏதோ பாத்திரம் விழுந்து
உருண்டு, உருண்டு, ஓய்ந்தது.
நான் நிற்கவில்லை. பஸ் வந்திருந்தது.

அதன்பிறகு அவன் அடிக்கவில்லையா?
அடித்தான். அந்த வெள்ளிக்கிழமையே.
கலர்ப் பெட்டிக்காக, சுவக்கீனை.

பிறகொரு நாள் தண்ணீர்ப் பீலியடியில்
ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க
மூக்கால் இழுத்தான், வாயால் விட்டான்,
"போடா" என்று நடந்துவிட்டான்.
துவாரகன் அங்கேயே நின்றிருந்தான்,
விழாத அடியை
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

வலயத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
மாணவரிடையே வன்முறை
எத்தனை வீதம் குறைந்துள்ளது?
இன்னும் நிரப்பவில்லை.

கொக்கி உடைந்த ஜன்னலுக்கு
இப்போது கொய்யாக் கம்புதான் முட்டு.
எடுத்தால் ஜன்னல் சாத்திக்கொள்ளும்.
சில நாட்களில் என் கண் அங்கே போகிறது.
போகும்போது நானும்
மூக்கால் இழுத்து, வாயால்.

நேற்று மிதுர்ஷன் ஒரு கண்ணை மூடியிருந்தான்.
இடது கண்.
வலது, கதவுப் பக்கம்.