நூற்று அறுபத்தைந்து

சுடுவதற்குள் செத்துப்போகிறேன்.
மூன்று மாதமாக இதே கதை.
"அக்கா, சுவரோரமா வந்தானே, பாக்கலியா?"
பாசீர் கூடாங்கிலிருந்து யுகேந்திரன்
காதுக்குள் கத்துவான்.
பார்த்தேன்டா.
பார்த்தபோது தரையில் கிடந்தேன்.

கண்ணிமைக்கும் பொழுது ஒரு மாத்திரை;
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்
தொடை தட்டி எண்ணியது.
அந்த ஒரு மாத்திரைக்குள்
அவன் எத்தனை படம் பார்க்கிறான்,
நான் எத்தனை பார்க்கிறேன்
என்பதுதான் இப்போது வழக்கு.

எண்ணெய் ஆலையில் எனக்கு எடைமேடைக் கணக்கு.
செம்பனைக் குலையோடு லோரி ஏறி நிற்கும்.
எண் துள்ளும், தணியும்,
பத்துக் கிலோ முன்பின் ஆடி
நிற்கும்.
நின்ற பிறகே சீட்டு.
அப்படிச் சீட்டுக் கிழித்த ஓவர்டைமில்
எழுநூற்று ஐம்பது ரிங்கிட்.
அம்மா கேட்டார்:
"இருக்கிறது நல்லாத்தானே தெரியுது?"
நல்லாத்தான் தெரியுதும்மா.
லேட்டாத் தெரியுது.

பாகாவ் டவுனில் லியோங் கடை.
ஒரு பக்கம் சைக்கிள் டயர்,
மறுபக்கம் கோழிச்சோறு.
நடுவில் வரிசையாக ஒளிரும் திரைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரே மீன் நீந்துகிறது.
வளைந்த திரை முதலில் கூப்பிட்டது.
அழகுதான்; ஆனால் இருட்டுக் காட்சியில்
ஓடுகிறவன் பின்னால்
கறுப்பு இழுகிக்கொண்டே வந்தது,
ஈரச் சுவரில் கைபட்ட மை மாதிரி.
வேண்டாம்.
இருபத்தேழு அங்குலம்?
என் மேசையில் சோற்றுத் தட்டுக்கு இடமிருக்காது.
இருநூற்று நாற்பது என்று ஒட்டியிருந்த பெட்டியை
நான் தடவுவதைப் பார்த்து
லியோங் என் கார்டின் பெயர் கேட்டார்.
சொன்னேன். சிரித்தார்.
"அது நூத்திருபதுக்கு மேல தள்ளாது, மோய்.
உன் மில்லுல பத்து டன் மேடையில
நாப்பது டன் லோரி ஏத்துவியா?
நூத்தி அறுபத்தஞ்சு. சுக்குப் லா."

மழையில் பிளாஸ்டிக் சுற்றி
மோட்டார் சைக்கிளின் முன்னால்,
பிள்ளையை உட்கார வைத்ததுபோல்
கொண்டுவந்தேன்.

அன்றிரவே நான்கு பேரைச் சுட்டேன்.
"வெண்ணெய்டா, வெண்ணெய்," என்றேன்.
"கத்தி வைச்ச மாதிரி வழுக்குது."
மில்லில் பெருமை. அம்மாவிடம் பெருமை.
தெமெர்லோ ஃபரிடாவிடம்
"நீயும் மாற்று, இல்லாவிட்டால் வீண்" என்று உபதேசம்.
எட்டாம் நாள் யுகேந்திரன்
மெதுவாகக் கேட்டான்:
"அக்கா, செட்டிங்ஸ்ல மாத்தினீங்கதானே?"

எதை?

திறந்து பார்த்தேன்.
அறுபது.
பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல்
அறுபது.

ஃபரிடாவிடம் இன்னும் சொல்லவில்லை.
யுகேந்திரன் சிரித்து முடிக்க
ஒரு ஆட்டம் பிடித்தது.
அந்த நான்கு பேரைச் சுட்டது யார்?
நம்பிக்கையா, புதுப் பிளாஸ்டிக் வாசமா?

மாற்றினேன்.
கைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அம்பு
கையோடு வந்தது.
இவ்வளவு நாளும் பின்னால்தான் வந்தது
என்பதே அப்போதுதான் தெரிந்தது.
அடுத்த ஆட்டத்தில்
சுவரோரமாக ஒருவன் வந்தான்.
தோள் தெரிந்தது, துப்பாக்கி முனை தெரிந்தது,
அவன் திரும்புவது துளித்துளியாகத் தெரிந்தது.
எல்லாம் தெளிவாகப் பார்த்து
செத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், எடைச்சீட்டின் பின்புறத்தில்.
ஒருமுறை இமைத்தால்
முன்பு பதினெட்டுப் படம் நட்டம்.
இப்போது ஐம்பது.

காலை ஏழு மணி. முதல் லோரி.
ரொபியுல் ஜன்னலுக்கு வெளியே தலைநீட்டி
"ஆச்சா, காக்கா?" என்கிறான்.
எண் துள்ளுகிறது.
இமைக்காமல் பார்க்கிறேன்.
இன்னும் ஆடுகிறது,
இரு.