காலர்

சூரமங்கலம் கேட் தாண்டி
வேப்பமரத்தடியில் என் இஸ்திரி வண்டி.

காலேஜ் பிள்ளை ஒருத்தி
ஃபாரத்தோடு வந்தாள்.
வெள்ளைக் காலரா, நீலக் காலரா,
இந்தத் தெருவில் யார் யார்?

தெரிந்ததைச் சொன்னேன்.
பேங்க் மேனேஜர் சட்டையிலதான்
கழுத்தழுக்கு ஜாஸ்தி.
துவைச்சாலும் கோடு போகாது.
உருக்காலை அர்த்தனாரி நீலச்சட்டை,
கையில கிரீஸ், கழுத்து சுத்தம்.
கருப்பூர் வெள்ளக்கல் சுரங்கத்துக்கு
நீலமாப் போறது
சாயங்காலம் வெள்ளையா வருது.
அதை எந்தக் கட்டத்துல போடுவே?

பேனாவைக் கடித்தாள்.
"நீங்க எதுக்கா?"

குனிந்து பார்த்தேன்.
நைட்டி. மேலே ஈரத்துண்டு.

கரி அணையப் பார்த்தது.
விசிறிக்கொண்டே சொன்னேன்:
வக்கீல் சட்டை ஆறு மணிக்கு வேணுமாம்,
கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு,
வெளிச்சம் மறைக்குது.